கண்ணில் தண்ணீர் கொட்டுது... ஆனா டாக்டர் 'டிரை ஐ' என்கிறாரே, எப்படி?

மாலை 6 மணி. ஷிஃப்ட் முடிய இன்னும் 2 மணி நேரம் இருக்கும். ஸ்க்ரீனில் எழுத்துகள் லேசாகக் கலங்கும். கண்ணைக் கசக்கினால் ஒரு நொடி தெளியும், மறுபடி மங்கும். உள்ளே மணல் உருளுவதுபோல உறுத்தும். வீட்டுக்குப் போக வண்டியை எடுத்தால், எதிர்க்காற்று பட்டதும் கண்ணில் தண்ணீர் கொட்டும். சிக்னலில் பக்கத்தில் நிற்பவர், 'என்னாச்சு, அழுறாங்களா?' என்பதுபோல ஒரு பார்வை பார்ப்பார்.

கடந்த ஆண்டு எனக்கு நடந்தது இதுதான். நம்மில் பலரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். மெடிக்கல் ஷாப்புக்குப் போய், "அண்ணா, கண்ணு எரியுது, சிவந்து போகுது, தண்ணியா வருது" என்றேன். "இதைப் போடுங்கக்கா, ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்று ஒரு சின்ன பாட்டிலைக் கொடுத்தார். உண்மையிலேயே இரண்டே நாளில் சிவப்பு போய்விட்டது. நிறுத்தினால் ஒரு வாரத்தில் திரும்ப வரும், மறுபடி போடுவேன். இப்படியே மூன்று மாதம் ஓடியது.

கடைசியில் கண்ணாடி பவர் பார்க்கப் போன இடத்தில்தான் விஷயம் வெளியே வந்தது. பரிசோதித்த கண் மருத்துவர் பாட்டிலைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இதை யாரு எழுதிக் கொடுத்தாங்க?" என்று கேட்டார். யாரும் எழுதித் தரவில்லை. அதில் ஸ்டீராய்டு இருந்தது. என் கண் அழுத்தம் இருக்க வேண்டிய அளவைத் தாண்டியிருந்தது. எனக்கு வந்திருந்ததோ வெறும் 'டிரை ஐ', அதாவது உலர் கண் பிரச்சினை.

கண் அழுத்தம் பற்றி பின்னால் பார்ப்போம். முதலில், எனக்கே அன்று புரியாத கேள்வி: இவ்வளவு தண்ணீர் வரும் கண் எப்படி 'உலர்ந்த கண்' ஆகும்?

தண்ணி இருக்கு, ஆனா நிக்கலை

நம் கண்ணின் மேல் எந்நேரமும் மெல்லிய கண்ணீர்ப் படலம் ஒன்று போர்த்தியிருக்கிறது. அழும்போது வரும் கண்ணீர் வேறு, இது வேறு. இந்தப் படலம் வெறும் தண்ணீரும் அல்ல. கண்ணோடு ஒட்டிய அடிப்பகுதியில் வழவழப்பான சளிப்பொருள், நடுவில் உப்பும் புரதமும் கலந்த நீர், எல்லாவற்றுக்கும் மேலே மிக மெல்லிய எண்ணெய்ப் பூச்சு. சளி, நீரைக் கண்ணோடு ஒட்டவைக்கிறது. எண்ணெய், அந்த நீர் ஆவியாகிவிடாமல் மூடிபோட்டு வைக்கிறது.

இந்த எண்ணெய் எங்கிருந்து வருகிறது? இமையின் விளிம்பில், முடி முளைக்கும் வரிசைக்குச் சற்று உட்புறமாக, பொடிப்பொடியான துளைகள் இருக்கின்றன. அவை 'மெய்போமியன்' சுரப்பிகளின் வாய்கள். 1666-ல் இவற்றைப் பற்றி விரிவாக எழுதிய ஜெர்மானிய மருத்துவர் ஹென்ரிக் மெய்போமின் பெயர்தான் அது. மேல் இமையில் 25 முதல் 40 வரையும், கீழ் இமையில் 20 முதல் 30 வரையும் இருக்கும். ஒவ்வொரு முறை நாம் முழுதாக இமைக்கும்போதும் இமை அழுந்தி, அந்தத் துளைகளில் இருந்து துளி எண்ணெய் வெளியே வந்து கண்ணில் பரவும்.

மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் என்ன ஆகும்? எண்ணெய் உள்ளேதான் இருக்கும், வெளியே வராது. உலர் கண் உள்ள பலருக்கு இமைக்குள் நடப்பது கிட்டத்தட்ட அதுதான். எண்ணெய் கெட்டிப்பட்டு, பற்பசை மாதிரி ஆகி, துளையை அடைத்துக்கொள்கிறது. மேலே மூடி இல்லாததால், நீர் சீக்கிரம் ஆவியாகிறது. படலம் அங்கங்கே கிழிந்து, கருவிழி திட்டுத் திட்டாகக் காய்கிறது.

கருவிழியில் நரம்பு முனைகள் நெருக்கமாக இருக்கின்றன. லேசாகக் காய்ந்தாலே அவை மூளைக்குத் தகவல் அனுப்பும். உடனே, கண்ணின் மேல் பக்கத்து வெளிமூலையில் இருக்கும் கண்ணீர்ச் சுரப்பிக்கு உத்தரவு போகும்: 'தண்ணியை விடு'. அது குடம் குடமாகக் கொட்டும். ஆனால், வந்தது வெறும் நீர். அதைப் பிடித்துவைக்கப் போதுமான எண்ணெய் இல்லை. கன்னத்தில் வழிந்து போய்விடும், கண் மறுபடி காயும், மறுபடி தண்ணீர் வரும். வண்டியில் போகும்போது நான் 'அழுத' கதை இதுதான்.

கண்ணீர்ச் சுரப்பியே போதுமான நீரைச் சுரக்காத வகையும் உண்டு. ஆனால், எண்ணெய்க் கோளாறால் ஆவியாகிப் போகும் வகையே அதிகம். இரண்டும் கலந்தும் வரலாம். இந்த வித்தியாசம் தெரியாவிட்டால் சிகிச்சை தடம் மாறிப்போகும். எண்ணெய் அடைப்பைச் சரிசெய்யாமல் சொட்டு மருந்தாக ஊற்றிக்கொண்டே இருந்தால், ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதுபோலத்தான்.

ஸ்க்ரீன் என்ன செய்கிறது?

'போன் வெளிச்சம் கண்ணைக் காய வைக்குது' என்று வீட்டில் சொல்வார்கள். பாதி சரி. காரணம் வெளிச்சத்தை விட, இமைக்க மறப்பதுதான்.

1993-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் 104 அலுவலக ஊழியர்கள் எத்தனை முறை இமைக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தார்கள். சும்மா இருக்கும்போது நிமிடத்துக்குச் சராசரியாக 22 முறை, புத்தகம் படிக்கும்போது 10, கம்ப்யூட்டர் திரையைப் பார்க்கும்போது 7. ஸ்மார்ட்போன் என்ற ஒன்றே இல்லாத காலத்துக் கணக்கு இது.

இதை இன்னொரு எண்ணோடு சேர்த்துப் பாருங்கள். நிமிடத்துக்கு 7 முறை என்றால், இரண்டு இமைப்புகளுக்கு நடுவே சுமார் 8 நொடி. ஆரோக்கியமான கண்ணீர்ப் படலம் 10 நொடிக்கு மேல் கிழியாமல் தாங்கும். அதனால் சமாளித்துவிடலாம். உங்கள் படலம் 5 நொடியிலேயே கிழிகிறது என்றால், ஒவ்வொரு முறையும் 3 நொடி கண் வெறுமையாகக் காற்றில் நிற்கிறது. எட்டு மணி நேர வேலையில் அதைப் பெருக்கிப் பாருங்கள், நான் போட்ட கணக்கு எனக்கே பயமாக இருந்தது.

கூடவே, ஸ்க்ரீன் பார்க்கும்போது நாம் இமைப்பதும் அரைகுறை. மேல் இமை பாதி வரை வந்துவிட்டுத் திரும்பிவிடும். இமைகள் முழுதாகத் தொட்டு அழுந்தினால்தான் எண்ணெய் வெளியே வரும் என்று பார்த்தோம் இல்லையா? அதுவும் நின்றுபோகிறது. பயன்படாத குழாயில் துரு ஏறுவதுபோல, நாள்பட நாள்பட சுரப்பிகள் அடைபடுகின்றன. அடைப்பு வருடக்கணக்கில் நீடித்தால் சுரப்பியே சுருங்கிப்போகலாம். அப்படிப் போனதைத் திரும்ப வளர்க்க உறுதியான வழி இல்லை. அதனால்தான் 'வெறும் எரிச்சல்தானே' என்று விடக் கூடாது.

சுற்றுச்சூழலும் சேர்ந்துகொள்கிறது. சென்னையில் வெளியே வியர்த்துக் கொட்டும் ஈரப்பதம். ஆனால், நாம் பத்து மணி நேரம் உட்கார்ந்திருப்பது ஈரத்தை உறிஞ்சிவிடும் ஏசி ரூமில். சீட்டுக்கு நேர் மேலே ஏசி காற்று, காரில் முகத்துக்கு நேராகத் திருப்பிவிட்ட வென்ட், இரவில் தலைக்கு மேல் முழு வேகத்தில் ஃபேன். தூங்கும்போது சிலருக்கு இமை முழுதாக மூடாது. காலையில் எழுந்ததுமே கண் எரிகிறது என்றால், நீங்கள் தூங்கும்போது இமை மூடியிருக்கிறதா என்று வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள்.

அந்தச் சின்ன பாட்டில்

இப்போது என் கதையில் விட்ட இடத்துக்கு வருவோம். உலர் கண்ணால் கண்ணுக்கு வரும் கெடுதலைவிட, அதற்காக நாமே வாங்கிப் போடும் சொட்டு மருந்தால் வரும் கெடுதல் பெரிதாகிவிடலாம்.

கண் சிவந்தால் கடைகளில் பொதுவாகக் கைக்கு வருபவை மூன்று ரகம். முதல் ரகம், ஆன்டிபயாட்டிக்கோடு ஸ்டீராய்டு கலந்தது அல்லது தனி ஸ்டீராய்டு. லேபிளில் டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன், புளோரோமெத்தலோன் போன்ற பெயர்கள் இருந்தால் அது ஸ்டீராய்டுதான். இது அழற்சியை மளமளவென்று அடக்கும். அதனால், 'சூப்பரா கேக்குது' என்று தோன்றும். ஆனால், வாரக்கணக்கில் போட்டால் கண்ணுக்குள் இருக்கும் திரவம் வடியும் பாதையில் தடை ஏற்பட்டு, கண் அழுத்தம் ஏறலாம். சுமார் மூன்றில் ஒருவருக்கு ஓரளவாவது ஏறும், சிலருக்கு ரொம்பவே ஏறும். நீங்கள் எந்த ரகம் என்று போட்டுப் பார்க்காமல் தெரியாது. வலி இருக்காது, பார்வையும் ஆரம்பத்தில் நன்றாகவே இருக்கும். நீடித்தால் பார்வை நரம்பு பழுதாகும். அதுதான் கிளாக்கோமா எனப்படும் கண் அழுத்த நோய். அதில் போன பார்வை திரும்பாது. நீண்ட நாள் ஸ்டீராய்டு, இள வயதிலேயே கண்புரையையும் கொண்டுவரும்.

கண் அழுத்தம் பொதுவாக 10 முதல் 21 மி.மீ. பாதரச அளவுக்குள் இருக்க வேண்டும். எனக்கு அதைத் தாண்டியிருந்தது. மருத்துவர் சொன்னபடி நிறுத்திய பின் சில வாரங்களில் இறங்கிவிட்டது. பவர் பார்க்கப் போகாமல் இருந்திருந்தால் எத்தனை மாதம் போட்டிருப்பேன் என்று தெரியாது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஸ்டீராய்டு சொட்டு கெட்ட மருந்து அல்ல. உலர் கண்ணில் அழற்சி அதிகமாக இருந்தால் கண் மருத்துவர்களே குறுகிய காலத்துக்கு எழுதித் தருவார்கள், அழுத்தத்தையும் கண்காணிப்பார்கள். சட்டப்படி இது மருந்துச் சீட்டு இருந்தால்தான் தர வேண்டிய 'ஷெட்யூல் ஹெச்' மருந்து. பிரச்சினை, சீட்டும் கண்காணிப்பும் இல்லாமல் அது கைமாறுவதில்தான். இப்போதே நீங்கள் பல வாரமாக இதைப் போட்டுக்கொண்டிருந்தால், பயந்துபோய் நீங்களாக நிறுத்த வேண்டாம். இந்த வாரமே ஒரு கண் மருத்துவரிடம் போய் அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, எப்படி நிறுத்துவது என்று கேளுங்கள்.

இரண்டாவது ரகம், 'சிவப்பு போக்கும்' சொட்டு. நாஃபசோலின் மாதிரியான மருந்து ரத்தக் குழாய்களைச் சுருக்கிக் கண்ணை வெள்ளையாக்கும். போட்டோ எடுக்க நன்றாக இருக்கும். உலர்வை அது தொடுவதே இல்லை, தொடர்ந்து போட்டால் நிறுத்தும்போது முன்பைவிட அதிகமாகச் சிவக்கும்.

மூன்றாவதுதான் நமக்கு வேண்டியது: செயற்கைக் கண்ணீர். கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ், ஹைட்ராக்ஸிபுரோபில் மெத்தில் செல்லுலோஸ், சோடியம் ஹைலூரோனேட் என்று பெயர்கள் இருக்கும். இவற்றில் ஸ்டீராய்டு இல்லை, அழுத்தத்தை ஏற்றாது. ஆனால், பல பாட்டில்களில் கிருமி வளராமல் இருக்க பென்சல்கோனியம் குளோரைடு சேர்த்திருப்பார்கள். அதுவே அடிக்கடி பட்டால் கண்ணின் மேற்பரப்பைப் புண்படுத்தும். ஒரு நாளைக்கு 4 முறைக்கு மேல் போட வேண்டியிருந்தால், 'பிரிசர்வேட்டிவ் ஃப்ரீ' ரகத்தைக் கேட்டு வாங்குங்கள். விலை கூடத்தான், ஆனால் இந்த இடத்தில் சிக்கனம் வேண்டாம்.

சிக்கனம் வேறு இடத்தில் செய்யலாம். கண்ணில் வழக்கமாக இருக்கும் கண்ணீரின் அளவு வெறும் 7 மைக்ரோ லிட்டர்தான். பாட்டிலில் இருந்து விழும் ஒரே சொட்டு 30 முதல் 50 மைக்ரோ லிட்டர். அதாவது, ஒரு சொட்டே வழிந்து போகும் அளவுக்கு அதிகம். இரண்டாவது, மூன்றாவது சொட்டெல்லாம் கன்னத்துக்குத்தான். கீழ் இமையை லேசாக இழுத்து ஒரு சொட்டு விட்டு, ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். பாட்டில் முனை கண்ணிலோ இமையிலோ படக் கூடாது. பல பாட்டில்களைத் திறந்து ஒரு மாதம் ஆனதும் தூக்கிப் போட வேண்டும். உங்கள் பாட்டிலுக்கு எத்தனை நாள் என்று லேபிளில் பாருங்கள், திறந்த தேதியைப் பேனாவால் அதிலேயே எழுதிவையுங்கள்.

வீட்டு வைத்தியம் பற்றியும் கேட்பீர்கள். விளக்கெண்ணெய், தேன், பன்னீர், தாய்ப்பால் எதையும் கண்ணுக்குள் விடாதீர்கள். விளக்கெண்ணெய் சேர்த்த கண் சொட்டு மருந்துகள் மருத்துவத்தில் இருக்கின்றன, அது உண்மை. அது கிருமி நீக்கப்பட்டு, அளவோடு கலக்கப்பட்டது. மளிகைக் கடை பாட்டில் அப்படியல்ல.

காசே இல்லாத சிகிச்சை: ஒத்தடம்

உறைந்த தேங்காய் எண்ணெயை என்ன செய்வோம்? வெந்நீரில் பாட்டிலை வைப்போம். இங்கும் அதேதான்.

சுத்தமான துணியை வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய இமைகள் மேல் வையுங்கள். முதலில் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துச் சூடு பாருங்கள், சுட்டால் வேண்டாம். ஓரிரு நிமிடத்தில் துணி ஆறிவிடும். பலரும் அத்தோடு விட்டுவிடுவதால்தான், 'ஒத்தடம் கொடுத்தேன், ஒண்ணும் கேக்கலை' என்கிறார்கள். திரும்பத் திரும்ப நனைத்து, மொத்தம் 5 முதல் 10 நிமிடம் சூடு இமையில் இருக்க வேண்டும். அப்புறம், விரல் நுனியால் மேல் இமையை மேலிருந்து கீழாகவும், கீழ் இமையைக் கீழிருந்து மேலாகவும், முடி வரிசையை நோக்கி மென்மையாக வழித்துவிடுங்கள். கண் உருண்டையை அழுத்தக் கூடாது. தினம் இரண்டு வேளை. பலன் தெரிய சில வாரம் ஆகும். எனக்கு மூன்றாவது வாரம்தான் மாலை நேர மணல் உறுத்தல் குறைந்தது. நடுவில் நாலைந்து நாள் சோம்பலில் விட்டுப்போனதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இமை முடியின் அடியில் பொடுகு மாதிரி செதில் இருந்தால் அதையும் சுத்தம் செய்ய வேண்டும். தலையில் பொடுகு உள்ளவர்களுக்கு இது அதிகம் வரும். மை போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை: இமை விளிம்பின் உட்கோட்டில் போடும் காஜல், நேராக அந்த எண்ணெய்த் துளைகள் மேல்தான் உட்காருகிறது. முடி வரிசைக்கு வெளியே போட்டுக்கொள்ளுங்கள், தூங்கும் முன் துடைத்துவிடுங்கள்.

வேலை இடத்தில் முக்கியமான மாற்றம், ஸ்க்ரீனின் உயரம். கண்ணுக்கு நேராகவோ மேலேயோ இருந்தால் கண் அகலத் திறந்திருக்கும், காற்றில் அதிகப் பரப்பு காயும். மானிட்டரைக் கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே இறக்கினால் இமை தானாகவே கொஞ்சம் மூடிக்கொள்ளும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தூரத்தில் 20 நொடி பார்க்கச் சொல்லும் விதி உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த 20 நொடியில் கண்ணை மெதுவாக, முழுதாக மூடி 2 நொடி வைத்துத் திறப்பதை நாலைந்து முறை செய்யுங்கள். மீட்டிங்கில் கேமரா ஆனில் இருந்தால் தூங்குவதாக நினைப்பார்கள், அதையும் கவனித்துக்கொள்ளுங்கள்!

வாங்குவதற்கு முன் யோசியுங்கள்

நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி, கண் சோர்வைக் குறைக்கும் என்று விற்கிறார்கள். 17 ஆய்வுகளை அலசி 2023-ல் வந்த காக்ரேன் மதிப்பாய்வில், சாதாரணக் கண்ணாடியோடு ஒப்பிட்டால், குறுகிய காலத்தில் கண் சோர்வுக்கு அதனால் பலன் இருப்பதாகத் தெரியவில்லை. ஒமேகா-3 மாத்திரையும் அப்படித்தான். அமெரிக்காவில் 535 பேருக்கு ஓராண்டு தினம் 3,000 மி.கி. மீன் எண்ணெய்ச் சத்தோ ஆலிவ் எண்ணெயோ கொடுத்துப் பார்த்து, 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். இரு பிரிவினருக்கும் ஓரளவு குறைந்தது. ஆனால், பெரிய வித்தியாசம் இல்லை. மீன் பிடித்தால் குழம்பில் சாப்பிடுங்கள், அவ்வளவுதான்.

ஸ்க்ரீன் மட்டும்தான் காரணமா?

இல்லை. அலர்ஜிக்குப் போடும் செட்ரிசின் வகை மாத்திரைகள், முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினோயின், சில மனச்சோர்வு மருந்துகள் கண்ணை உலர்த்தும். லேசிக் செய்தால் கருவிழி நரம்புகள் வெட்டுப்படுவதால் சில மாதம் உலர்வு இருக்கும். அதனால் லேசிக் யோசிப்பவர்கள் முன்கூட்டியே டிரை ஐ பரிசோதனை செய்துகொள்வது நல்லது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இது அதிகம். அம்மா, 'கண்ணு என்னமோ உறுத்துது' என்றால், வயசாயிடுச்சு என்று கடந்துவிடாதீர்கள்.

கண்ணோடு வாயும் காய்ந்து, சாதம்கூட தண்ணீர் குடிக்காமல் இறங்கவில்லை, மூட்டும் வலிக்கிறது என்றால் மருத்துவரிடம் மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். 'ஷோகிரன்' என்ற நோயாக இருக்கலாம். உடலின் எதிர்ப்புச் சக்தியே கண்ணீர், உமிழ்நீர் சுரப்பிகளைத் தாக்கும் நோய் அது. பாதிக்கப்படுபவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

பரிசோதனை பயப்படும்படி இல்லை. மஞ்சள் சாயம் ஒன்றை விட்டு, படலம் எத்தனை நொடியில் கிழிகிறது என்று விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பார்கள். கீழ் இமையில் சின்ன காகிதத் துண்டைச் செருகி, 5 நிமிடத்தில் எத்தனை மி.மீ. நனைகிறது என்று அளப்பார்கள். 1903-ல் ஷிர்மர் என்ற ஜெர்மானிய மருத்துவர் கொண்டுவந்த முறை, இன்றும் அதேதான். ஒத்தடத்துக்கும் சொட்டுக்கும் கேட்காவிட்டால் சைக்ளோஸ்போரின் சொட்டு, கண்ணீர் வடியும் துளையை அடைக்கும் சின்ன பிளக் என்று அடுத்த கட்டங்கள் இருக்கின்றன.

கண்ணில் கடும் வலி, வெளிச்சம் பார்க்க முடியாமை, பார்வை திடீரென மங்குதல், ஒரு கண் மட்டும் சிவந்து வலித்தல் ஆகியவற்றை டிரை ஐ என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். அன்றைக்கே போங்கள். கான்டாக்ட் லென்ஸ் போடுபவர் என்றால் முதலில் லென்ஸைக் கழற்றுங்கள், அதையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எந்தக் காரணத்துக்காகப் போனாலும், வீட்டில் இதுவரை போட்ட கண் சொட்டு பாட்டில்கள் எல்லாவற்றையும், காலியானதையும் சேர்த்து, ஒரு கவரில் போட்டுக்கொண்டு போங்கள். பெயர் ஞாபகம் இல்லாவிட்டாலும், லேபிளைப் பார்த்து அவர் தெரிந்துகொள்வார்.